பொறுக்கியெடுத்த பிள்ளைகள்

தலை நரைக்கத் தொடங்கிவிட்ட ஒரு கணிதப் பேராசிரியையை, அதுவும் துறைத்தலைவியை, "முட்டை" என்று கூப்பிடும் தைரியம் இந்த உலகத்தில் நாலைந்து பேருக்குத்தான் உண்டு. அவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் சனிக்கிழமை தோறும் அவளோடு ஒரே வேனில் நெருக்கியடித்துக்கொண்டு போனவர்கள். கதை சொல்கிற சலுகையில் நாமும் அவளை அப்படியே அழைத்துக்கொள்வோம். கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை அவள்.

அன்று மதியம் டீன் அறையில் கூட்டம். பல்கலைக்கழகத்தில் கூட்டம் என்றால் பாதிப் பேர் கைப்பேசியையும் மீதிப் பேர் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று எல்லோரும் டீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு பெறப் போகிறவர் என்ற மரியாதை. பேச்சு சனிக்கிழமை சிறப்பு வகுப்பைப் பற்றியது. பள்ளிப் பிள்ளைகளை வாரம் ஒருநாள் வேனில் கூட்டிவந்து, ஆய்வுக்கூடங்களைத் திறந்துவிட்டு, கணக்கையும் அறிவியலையும் நம்பி ஒரு பிழைப்பு இருக்கிறது என்று காட்டுகிற வகுப்பு. அதை ஆரம்பித்து வைத்தவர் டீன்தான். இப்போது நடத்துகிறவள் முட்டை.

"போறதுக்கு முன்னாடி இத ஒழுங்கு பண்ணிட்டுப் போகணும்னு நெனைக்கறேன்," என்றார் டீன், நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே. அவர் பேசினால் ஆடுவார். ஆடாவிட்டால் பேச்சு வராது. "வர்ற பிள்ளைங்க தரம் கொறஞ்சுபோச்சு. பள்ளிக்கூடம் யார அனுப்புதோ அத்தன பேரையும் சேத்துக்கறோம். இனிமே நுழைவுத் தேர்வு வைப்போம், இப்ப வர்ற பிள்ளைங்களுக்கும் சேத்து. பேரையும் மாத்துவோம். திறன் மேம்பாட்டு முகாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். டீனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. உற்சாகம் வந்தால் அவர் முதல் பேட்ச் கதைக்குப் போவார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"நான் ஆராய்ச்சி மாணவனா இருந்தப்ப வந்த முதல் பேட்ச் இருக்கே, அந்த மாதிரி பிள்ளைங்க அப்புறம் வரவே இல்ல. ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்ல மாட்டாங்க. ஏன் சார் அப்படின்னு திருப்பிக் கேப்பாங்க. கட்டிப் பாத்துடலாமா சார்னு கேப்பாங்க. அந்தப் பள்ளிக்கூடம் பொறுக்கியெடுத்து அனுப்பின பிள்ளைங்க. இதோ, அதுல ஒருத்தங்க இங்கயே உக்காந்திருக்காங்க."

எல்லோரும் முட்டையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் நெளிந்தாள். சுவரில் தொங்கிய பேனரில் அவளுடைய பழைய படம் இருந்தது. ரெட்டைப் பின்னல், கையில் நூல். கீழே பெரிய எழுத்தில் "கட்டிப் பார்த்துடலாமா?" என்று இருந்தது. பிள்ளைகளின் டீ-ஷர்ட்டிலும் அதே வாசகம்தான்.

அந்த இடத்திலேயே அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்குள், காலையில் கையெழுத்துப் போட்டு அறிவிப்பைப் பள்ளிகளுக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லி டீன் கூட்டத்தை முடித்துவிட்டார்.

முட்டை நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் நினைப்பெல்லாம் எலி மேல் இருந்தது. எலி என்பது இந்த வருஷத்துச் சனிக்கிழமைப் பிள்ளைகளில் ஒருத்தி; ஆள் சின்னதாக இருப்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர். பின்னக் கணக்கு என்றால் தடுக்கி விழுவாள். பரீட்சைத் தாளைக் கண்டால் கை வியர்த்துவிடும். ஆனால் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் கையில் கொடுத்துவிட்டால் வேன்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்த பிறகும் கிளம்ப மாட்டாள். நுழைவுத் தேர்வு வைத்தால் முதலில் கழிக்கப்படுவது எலிதான். அதில் முட்டைக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அதே தேர்வு அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அவளே கழிக்கப்பட்டிருப்பாள். அவள் மட்டுமில்லை, டீன் கொண்டாடுகிற முதல் பேட்ச் மொத்தமும் வாசலோடு திரும்பிப் போயிருக்கும்.

விஷயம் இதுதான். அந்தப் பள்ளிக்கூடம் அவர்களைப் பொறுக்கியெடுத்தது உண்மை. எந்தக் கூடையிலிருந்து பொறுக்கியது என்பதுதான் டீனுக்குத் தெரியாது.

அன்றைக்கு அவர் ஒல்லியான ஆராய்ச்சி மாணவர். பள்ளிக்கு போன் போட்டு, "சனிக்கிழமை கணக்கு, சயின்ஸ் சிறப்பு வகுப்பு எடுக்கறோம், அதுக்கு ஏத்த பிள்ளைங்கள அனுப்புங்க" என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். அகராதியில் சிறப்பு என்றால் உயர்வு. பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லை. அங்கே ஸ்பெஷல் கிளாஸ் என்றால் மக்குப் பிள்ளைகளைப் பள்ளி விட்ட பிறகும் பிடித்து உட்கார வைக்கிற இடம். இது தெரியாத ஒரே ஜாதி, பிறந்ததிலிருந்து முதல் ரேங்க் வாங்கிய ஜாதி. அந்த ஆராய்ச்சி மாணவர் ஸ்பெஷல் கிளாஸ் வாசலை ஜென்மத்தில் மிதித்ததில்லை.

தலைமையாசிரியை கண் கலங்கிவிட்டாராம். "பெரிய படிப்பு படிச்சவங்க, நம்ம மக்குங்களுக்காக சனிக்கிழமைய விட்டுக் குடுக்கறாங்க, என்ன மனசு பாருங்க" என்று ஆசிரியர்கள் அறையில் சொன்னார். கணக்கு வாத்தியார் யோசிக்கவே இல்லை. ஏத்த பிள்ளைகள் யார் என்று அவருக்கு மனப்பாடம். அல்ஜீப்ராவில் பூஜ்யம் வாங்கி, அந்தப் பூஜ்யத்துக்கு அவர் கையாலேயே கண்ணும் மூக்கும் போட்டுக் கொடுத்த பெண்தான் முதலில் நினைவுக்கு வந்தாள். முட்டை என்ற பெயர் அன்றைக்கு விழுந்ததுதான்.

வீட்டில் அப்பா குதித்தார். டயர் கடை வைத்திருந்தவர். சனிக்கிழமைதான் கடையில் கூட்டம். ட்யூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்ப்பதற்கு அவள் வேண்டும்.

"இருக்கற ஸ்பெஷல் கிளாஸ் பத்தாதுன்னு இப்ப யுனிவர்சிட்டி வரைக்கும் மானம் போகுதா?" என்றார்.

"நானா போறேன்னேன்? ஸ்கூல்ல அனுப்பறாங்கப்பா."

"போ. போய்ப் பாஸ் பண்ணிட்டாவது வா."

இப்படி ஏச்சு வாங்கிக்கொண்டு வந்த கும்பல்தான் முதல் சனிக்கிழமை அந்த ஆய்வுக்கூடத்தில், சொட்டுகிற குழாய்க்குப் பக்கத்தில், வாடிய முகங்களோடு உட்கார்ந்திருந்தது. ஆராய்ச்சி மாணவர் உள்ளே வந்தார். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

"உங்க பள்ளி பொறுக்கியெடுத்து அனுப்பின பிள்ளைங்க நீங்க."

கடைசி பெஞ்சில் இருந்த கொக்கு, கழுத்து நீண்டவன், பக்கத்தில் இருந்த முட்டையின் காதில் கிசுகிசுத்தான். "பொறுக்கின்னு எப்படிடி கரெக்டா கண்டுபிடிச்சாரு?"

முட்டைக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. கும்பலே குனிந்துகொண்டு குலுங்கியது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மகிழ்ச்சியான பிள்ளைகள் என்று எடுத்துக்கொண்டார். ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து அந்த வாரமே அவருக்கு ஊசல் சார் என்று பெயர் விழுந்தது.

பாடம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அவர்களுக்கு விளங்கிவிட்டது. இந்த மனுஷர் நம்மைக் கெட்டிக்காரர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். திரும்புகிற வேனில் பெரிய ஆலோசனை நடந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் குண்டூசி என்கிற ஒல்லிப் பெண், அவள் பயந்தவள். "சொன்னா திருப்பி அனுப்பிடுவாரு," என்றான் கொக்கு. "நம்ம ஸ்கூல்ல யாராவது நமக்கு ஃபேன் போட்டு, பிஸ்கட் குடுத்து, நீங்கன்னு மரியாதையா பேசியிருக்காங்களா? நான் சொல்ல மாட்டேம்பா." பிஸ்கட் ஜெயித்தது.

ஆனால் கெட்டிக்காரர் வேஷம் லேசானதா என்ன? ஊசல் சார் கேள்வி கேட்பார். கையில் பதில் கிடையாது. தப்பாகச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கு முட்டை ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டாவது வாரம் அவர் கூரைக் கொக்கியில் நூல் கட்டி, நுனியில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். "இதவிடக் கனமா ஒண்ணு கட்டினா வேகமா ஆடுமா, மெதுவா ஆடுமா?" என்று கேட்டார். கொக்கு வேகமாக என்று சொல்ல வாயெடுத்துவிட்டான். முட்டை அவன் காலை மிதித்தாள்.

"சார், கட்டிப் பாத்துடலாமா?" என்றாள்.

தெரியாது என்பதற்கு அவள் கண்டுபிடித்த மரியாதையான வார்த்தை அது. அவர் முகம் மலர்ந்த விதத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அதுவரை அவளைப் பார்த்து எந்த ஆசிரியரின் முகமும் மலர்ந்ததில்லை. அடுத்த வாரம் அப்பா கடையிலிருந்து ஒரு லாரிச் சக்கரத்து நட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டிப் பார்த்தார்கள். கனமும் லேசும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் வந்தன. "ஏன் சார் அப்படி?" என்று ஏழெட்டுக் குரல்கள் கேட்டன. அது வேஷம் இல்லை. அவர்களுக்கு நிஜமாகவே தெரிந்தாக வேண்டியிருந்தது.

அந்த நட்டைத் தேடி அப்பா ஒரு மாதம் கடையைக் கவிழ்த்தார் என்பது தனிக் கதை.

அதன்பிறகு அந்த வருஷம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வாரம் முழுவதும் ரகசியமாகப் படித்தார்கள். கொக்கு வீட்டு மொட்டை மாடியில் கூடி, அடுத்த சனிக்கிழமை அவர் என்ன கேட்கக்கூடும் என்று ஒருவரையொருவர் குடைந்தார்கள். படித்தது படிப்புக்காக இல்லை, பிஸ்கட்டுக்காகவும் அந்த மலர்ந்த முகத்துக்காகவும். வருஷக் கடைசியில் மொத்தக் கும்பலும் பாஸாகிவிட, கணக்கு வாத்தியார் மட்டும் நம்பாமல் விடைத்தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம், யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று.

பழைய நினைப்பெல்லாம் சுகமாகத்தான் இருந்தது. காலையில் கையெழுத்து விழப் போகிறதே என்ற நினைப்பு வந்ததும் சுகம் போய்விட்டது. முட்டை கொக்குவுக்கு போன் போட்டாள். கொக்கு இப்போது வானிலை அலுவலகத்தில் அதிகாரி. மழை வரும் என்று சொல்லி வராமலும், வராது என்று சொல்லி வந்தும் ஊரார் வாயில் விழுவது அவன் தொழில்.

"சொல்லிடட்டுமாடா?" என்றாள்.

கொக்கு இழுத்தான். "அவருக்கு நம்மதான் பெரும. ஒவ்வொரு விழாவுலயும் நம்ம கதையத்தான் சொல்றாரு. ரிட்டையர் ஆகற நேரத்துல அதப் போய் ஒடைக்கணுமா?"

"ஒடைக்கலன்னா எலி போயிடுவாடா."

"எலி யாரு?"

"நம்ம ஜாதி."

மறுபக்கம் பெருமூச்சு கேட்டது. "அப்பச் சொல்லிடு. ஆனா என் மார்க்க மட்டும் சொல்லாத முட்ட. எம்பசங்க காதுக்குப் போச்சுன்னா அப்புறம் வீட்ல நான் வாயத் தொறக்க முடியாது."

காலையில் டீன் கோப்பைத் திறப்பதற்குள் அவள் அவர் அறை வாசலில் நின்றாள். "சார், பழைய லேபுக்கு ஒரு நிமிஷம் வரீங்களா?" என்றாள். அவர் மறுக்கவில்லை. அந்த ஆய்வுக்கூடம் என்றால் அவருக்கு உயிர்.

குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ முறை வாஷர் மாற்றியும் அதற்குத் திருந்தும் உத்தேசம் இல்லை. கூரைக் கொக்கியில் புது நூல், நுனியில் அதே நட்டு. டீன் அதை விரலால் லேசாகத் தள்ளிவிட்டு, அது ஆட ஆடத் தானும் ஆடினார்.

"சார், நீங்க அன்னைக்கு ஸ்கூலுக்கு போன் பண்ணி என்ன சொன்னீங்க?"

"சிறப்பு வகுப்பு எடுக்கறோம், ஏத்த பிள்ளைங்கள அனுப்புங்கன்னேன்."

"பள்ளிக்கூடத்துல ஸ்பெஷல் கிளாஸ்னா என்ன சார்?"

அவர் ஆடுவது நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தலைமையாசிரியையின் கண்ணீர், வேன் ஆலோசனை, கொக்குவின் காலை மிதித்தது எல்லாம். மார்க்கை மட்டும் சொல்லவில்லை, அவரே கேட்டார்.

"கொக்கு?"

"அத மட்டும் கேக்காதீங்க சார், சத்தியம் பண்ணியிருக்கேன்."

"குண்டூசி?"

"சயின்ஸ்ல ரெண்டு தடவ பெயிலு."

"நீ?" கூட்டத்தில் "ஒருத்தங்க" என்று மரியாதையாகச் சொன்னவர் இங்கே "நீ" என்று இறங்கிவிட்டார்.

"முட்ட சார். அல்ஜீப்ராவுல."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒம் மூஞ்சி உருண்டையா இருந்துச்சு, அதனாலதான் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன்," என்றார். அவர் சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. அவளுக்குத் தாங்கவில்லை. ஏன் சொன்னோம் என்று இருந்தது.

"அப்ப அந்தக் கேள்வியெல்லாம்? ஏன் சார், ஏன் சார்னு?"

"பதில் தெரியாது சார். அதான் கேட்டோம்."

"கட்டிப் பாத்துடலாமா?"

"அதுவும் தெரியாமத்தான்."

டீன் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏன் அன்னைக்கே சொல்லல? ஒரு வருஷம் முழுக்க என்கூட இருந்தீங்களே. நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?"

"சொல்லியிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

அவர் நேர்மையான மனுஷர். உட்கார்ந்து யோசித்தார். "திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்," என்றார். "ஆனா ஊசலக் கட்டியிருக்க மாட்டேன். பின்னம் சொல்லிக் குடுத்திருப்பேன். பின்னத்துல கூட்டல், பின்னத்துல கழித்தல். பாவம், இதுகளுக்கு இதுவே போதும்னு வருஷம் பூரா அதையே சொல்லிக் குடுத்திருப்பேன்."

"அதுக்குத்தான் சார் சொல்லல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் தூசு ஒன்றும் இல்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவருக்கும் அதுதான் வசதி.

"உங்க முதல் பேட்ச் அதே பேட்ச்தான் சார்," என்றாள் திரும்பாமலே. "மார்க்கு மட்டுந்தான் வேற."

கொஞ்ச நேரம் கழித்து முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்றுதான் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் மனுஷர் ஸ்டூலில் ஆடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "பொறுக்கின்னேனே," என்றார். "வந்த அன்னைக்கே பொறுக்கின்னு சொல்லியிருக்கேனே. அதான் குனிஞ்சுகிட்டுச் சிரிச்சீங்களா?"

"கொக்குதான் சார் ஆரம்பிச்சான்."

அறைக்குத் திரும்பியதும் டீன் உதவியாளரைக் கூப்பிட்டார். அறிவிப்பில் நுழைவுத் தேர்வு என்ற வரியை அடித்தார். மேலே திறன் மேம்பாட்டு முகாம் என்று இருந்ததையும் அடித்துவிட்டு, தன் கையாலேயே சிறப்பு வகுப்பு என்று எழுதினார்.

உதவியாளர் தயங்கினார். அவருக்குப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் உண்டு. "சார், சிறப்பு வகுப்புன்னு போட்டா சில பள்ளிக்கூடத்துல தப்பா எடுத்துக்குவாங்க. மக்குப் பசங்களா பாத்து அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும்," என்றார் டீன்.

புது வகுப்பு தொடங்குகிற சனிக்கிழமை காலையில் முட்டை செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். கடையை எப்போதோ கொடுத்துவிட்டார். கேள்வி கேட்பதை மட்டும் விடவில்லை.

"இன்னைக்குமா ஸ்பெஷல் கிளாஸு?"

"ஆமாப்பா."

"இன்னுமா ஒன்னப் பாஸ் போடல?"

இதை அவர் கிண்டலாகக் கேட்கிறாரா நிஜமாகவே கேட்கிறாரா என்று அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. கட்டிப் பார்க்கிற விஷயமும் இல்லை அது. "போட்டுடுவாங்கப்பா," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஆய்வுக்கூடத்தில் புதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். முகங்களைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, சில பள்ளிகள் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அழுது வீங்கிய கண்கள் இரண்டு மூன்று இருந்தன. ஒரு பையன் வீட்டில் வாங்கிய ஏச்சு காய்வதற்குள் வேனில் ஏறியிருப்பான் போலிருந்தது. பழைய ஆள் என்ற தோரணையில் எலி குழாய்க்குப் பக்கத்து இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள்.

ஓய்வு பெற்றுவிட்ட டீன், விருந்தினராக வந்திருந்தவர், மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முன்னும் பின்னும் ஆடினார். தொண்டையைச் செருமினார். முட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உங்க பள்ளி பொறுக்கியெடுத்து அனுப்பின பிள்ளைங்க நீங்க," என்றார்.

முட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எலி பக்கத்தில் இருந்த பையனின் காதில் ஏதோ சொன்னாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான்.